மானியும் வாசிப்பும்: நீரியற் கட்டுப்பாட்டுத் தொகுதிகளிற் பழுதறிதல் பற்றிய ஒரு நோக்கு

மானி ஒன்றின் முள் காட்டும் எண்ணை எமது விஞ்ஞான பாடநூல்கள் 'வாசிப்பு' என வழங்குகின்றன. நூலை வாசிப்பதற்கும் மானியை வாசிப்பதற்கும் ஒரே சொல் அமைந்தமை தற்செயலாக இருக்கலாம். ஆயினும், இவ்விரு வகை வாசிப்புக்கும் பொதுவான ஓர் இடர்ப்பாடு உண்டு. கண்ணுக்குத் தோன்றுவதையே முழு உண்மையெனக் கொள்ளும் மனப்பாங்கே அது. இலக்கிய ஆய்விலே இம்மனப்பாங்கு பிழையான முடிபுகளுக்கு இட்டுச்செல்லும். தொழிற்சாலையிலோ கையையும் உயிரையும் பறிக்கும். இலக்கியத்தைப் பயில்துறையாகக் கொண்ட நாம் அமுக்கமானி பற்றி எழுதப் புகுந்தமைக்கு இதுவே நியாயமாகும்.

இம்முயற்சிக்கு உடனடிக் காரணமும் ஒன்றுண்டு. சில காலத்துக்கு முன்னர், தொழிற்சாலை ஒன்றிற் பணிபுரியும் நண்பர்கள், நீரியல் அழுத்தி ஒன்றின் கைந்நூலிலுள்ள பழுதறி அட்டவணையைத் தமிழில் ஆக்கித் தருமாறு எம்மைக் கேட்டனர். தமது வேண்டுகோளின் பின்னணியையும் அவர்கள் விளக்கினர். வழமையாக 100 பார் காட்டும் மானி, ஒருநாள் 20 பாருக்கு மேல் ஏறவில்லை. மேற்பார்வையாளர் கைந்நூலைப் பார்த்தார். 'அமுக்கம் குறைவு' என்பதற்கு எதிரே 'விடுவிப்பு வால்வைச் செப்பஞ் செய்க' என ஒரு வரி காணப்பட்டது. அவர் வால்வின் திருகாணியைப் பல சுற்று இறுக்கினார். முள் அசையவில்லை. மேலும் இறுக்கிவிட்டு அகன்றார். சிறிது நேரத்தின் பின், ஓடிக்கொண்டிருந்த பொறியின் மானிமுள் திடீரென எழுந்து, அளவுகோலின் எல்லையையுந் தாண்டிச் சென்றது. குழாயொன்று வெடித்துச் சூடான எண்ணெய் சுவரெங்கும் பாய்ந்தது. தேநீர் வேளையாகையால் மாத்திரமே அழுத்தியின் முன்னே எவரும் நிற்கவில்லை.

கைந்நூலை வாசிக்கத் தெரிந்தவருக்குப் பொறி தெரியவில்லை. பொறியோடு நாள்முழுதும் நிற்பவர்களுக்குக் கைந்நூலின் மொழி தெரியவில்லை. இந்நிலையில், அவ்வட்டவணையை வரிக்கு வரி தமிழாக்கிக் கொடுப்பதால் மட்டும் பயன் விளையுமா என்ற ஐயம் எமக்குத் தோன்றியது. பொறியியல் அறிந்த நண்பர்களின் துணையுடன் நாம் கற்றுக்கொண்டவற்றை இங்கு தொகுத்துக் கூற முனைகின்றோம். தமிழகத்தில் 'அழுத்தம்' எனப்படுவதை எமது பாடநூல் மரபைத் தழுவி 'அமுக்கம்' என்றே இங்கு குறிப்பிடுவோம்.

1. அமுக்கம் எங்கிருந்து தோன்றுகிறது?

மூடிய கலமொன்றிலுள்ள திரவத்தின்மீது பிரயோகிக்கப்படும் அமுக்கம் எல்லாத் திசைகளிலும் குறைவின்றிக் கடத்தப்படும் என்னும் விதியைப் பதினேழாம் நூற்றாண்டிற் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பஸ்கால் விளக்கினார். அவர் இறந்தபின், 1663 இல், அது பற்றிய அவரது நூல் வெளியாயிற்று. எனினும் அவ்விதி பொறியாக உருப்பெற ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்றது. 1795 இல் ஜோசப் பிராமா இங்கிலாந்தில் நீரியல் அழுத்திக்குக் காப்புரிமை பெற்றார். உயர் அமுக்கத்தில் நீர் ஒழுகாதவாறு முசலத்தைச் சுற்றி அடைப்பதே அக்காலத்துப் பெரும் இடர்ப்பாடாகும். அமுக்கம் ஏற ஏறத் தானே இறுகிக்கொள்ளும் தோற்கிண்ணமொன்றினால் அதனைத் தீர்த்தவர், பிராமாவின் பட்டறையிற் பணியாற்றிய ஹென்றி மோட்ஸ்லே என்பர். கடைசற்பொறியின் கருவிதாங்கி தொடர்பாகக் கார்ல் மார்க்ஸ் 'மூலதனம்' நூலின் முதலாம் பாகத்தில் (1867) குறிப்பிடும் மோட்ஸ்லே இவரேயாவார். விதியைக் கண்டவர் அறிஞர்; அதனைத் தொழிற்படச் செய்தது பட்டறை அனுபவம்.

இன்றைய தொகுதிகளில் நீருக்குப் பதிலாகப் பெரும்பாலும் எண்ணெய் பயன்படுகிறது. 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள முசலமொன்றின் பரப்பு ஏறத்தாழ 78.5 சதுர சென்ரிமீற்றராகும். 100 பார் அமுக்கத்தில் அது ஏறத்தாழ 8 தொன் நிறையைத் தாங்கவல்ல விசையைத் தரும். அமுக்கம் 150 பாராயின் விசை 12 தொன்னாகும். மானியின் முள் சிறிதளவு நகர்வதன் பொருள் யாதென்பதை இக்கணக்கு உணர்த்தும்.

இங்கு அடிப்படையான கருத்தொன்றை வற்புறுத்த வேண்டியுள்ளது. பம்பியே அமுக்கத்தை உண்டாக்குகிறது எனப் பலர் கருதுகின்றனர். அது சரியன்று. பம்பி உண்டாக்குவது பாய்ச்சலை மாத்திரமே. அப்பாய்ச்சலுக்கு எதிராகச் சுமையோ, ஒடுங்கிய வழியோ, மூடிய வால்வோ தடையாக நிற்கும்போதுதான் அமுக்கம் தோன்றுகிறது. தடையின்றி எண்ணெய் தாங்கிக்குத் திரும்புமாயின், பழுதற்ற பம்பி முழு வேகத்தில் ஓடினும் மானி சுழியத்துக்கு அண்மையிலேயே நிற்கும். அமுக்கம் என்பது பம்பியிலோ சுமையிலோ தனித்து உறையும் பொருளன்று. ஒன்றுக்கொன்று முரணாகத் தொழிற்படும் இரண்டுக்கும் இடையிலான உறவாகும். மானி காட்டுவது இவ்வுறவையே. பழுதறியும் கலை முழுவதும் இவ்வுண்மையிலிருந்தே தொடங்குகின்றது.

இதிலிருந்து எளிய வேறுபாடொன்று பெறப்படும். பொறியின் வேகம் பாய்ச்சலைப் பொறுத்தது. விசை அமுக்கத்தைப் பொறுத்தது. சுமையைத் தூக்கும் வலு இருந்தும் இயக்கம் மெதுவாயின், பாய்ச்சலிலே குறையுண்டு. தேய்ந்த பம்பி, அடைபட்ட உறிஞ்சல் வடி, உள்ளொழுக்கு ஆகியவற்றை ஐயுற வேண்டும். வெறுமையாக விரைந்து நகர்ந்து, சுமை வந்ததும் நின்றுவிடுமாயின், முதலில் அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் உறுப்புகளை நோக்க வேண்டும்.

2. மானியின் பழுதுகள்

தொழிற்சாலைகளிற் பெரும்பாலும் காணப்படும் அமுக்கமானி, 1849 இல் யூஜின் பூர்டன் என்பவர் பாரிஸிற் காப்புரிமை பெற்ற அமைப்பினை அடியொற்றியது. தட்டையாக்கப்பட்டு வில்போல் வளைக்கப்பட்ட உலோகக் குழாயே அதன் இதயமாகும். குழாயின் ஒரு முனை நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும், மறுமுனை மூடப்பட்டிருக்கும். உள்ளே அமுக்கம் ஏறும்போது தட்டையான குறுக்குவெட்டு வட்டமாக முயல, குழாய் சற்றே நிமிரும். மூடிய முனையின் சில மில்லிமீற்றர் அசைவைப் பற்சக்கரங்கள் பெருக்கி முள்ளைச் சுழற்றும். ஆகவே முள் அமுக்கத்தை நேரடியாகக் காட்டுவதில்லை. குழாயின் நிமிர்வைக் காட்டுகிறது. அதிலிருந்து அமுக்கத்தை நாம் உய்த்துணர்கின்றோம். இடையிலுள்ள ஒவ்வோர் உறுப்பும் பொய்யுரைக்கக்கூடும்.

அமுக்கம் முற்றாக அகற்றப்பட்ட பின்னும் முள் சுழியத்துக்குத் திரும்பாதாயின், குழாய் தாங்கும் எல்லைக்கு மேல் அமுக்கம் பெற்று நிரந்தரமாக விரிந்திருக்கலாம். அத்தகைய மானியின் முள்ளைக் கழற்றிச் சுழியத்திற் பொருத்துவது தவறாகும். குழாயின் மீள்தன்மை கெட்டபின் அளவுகோல் முழுவதும் நம்பத்தகாததாகிவிடும். ஆயின், மானிக்குச் செல்லும் வழி அடைபட்டு, உள்ளே அமுக்கம் சிறைப்பட்டிருந்தாலும் இவ்வறிகுறியே தோன்றும். மானியைக் குறைகூறுமுன் அமுக்கம் உண்மையில் அகன்றதா என்பதை உறுதிசெய்தல் வேண்டும்.

முள் விடாது அதிருமாயின், பம்பியின் துடிப்பு தணிக்கப்படாமல் மானியை அடைகிறது என்றோ, எண்ணெயிற் காற்றுக் கலந்துள்ளது என்றோ கொள்ளலாம். மானிக்கு முன்னே சிறுதுளைத் தடையொன்றை அமைப்பதும், கிளிசரின் நிரப்பிய மானியைப் பயன்படுத்துவதும் அதிர்வைத் தணிக்கும். ஆனால் அதே சிறுதுளை அழுக்கினால் அடைபடும்போது முள் மந்தமாகி, ஈற்றில் நின்றுவிடும். துடிக்கும் முள்ளைக் கண்டு அஞ்சுபவர்கள், அசையாத முள்ளைக் கண்டு ஆறுதலடைகின்றனர். உண்மையில் இரண்டாவதே கொடியது. வழி அடைபட்ட மானி சுழியத்தைக் காட்டும் வேளையில், குழாயினுள் 100 பார் இருக்கக்கூடும்.

மானியின் வகுப்பும் கவனத்துக்குரியது. 1.6 ஆம் வகுப்பைச் சேர்ந்த, 250 பார் வரை அளக்கும் மானியின் அனுமதிக்கப்பட்ட வழு 250 இன் 1.6 சதவீதம், அதாவது 4 பாராகும். இவ்வழு அளவுகோலின் எவ்விடத்துக்கும் பொருந்தும். 200 பாரை வாசிக்கும்போது 4 பார் பெரிதன்று. 20 பாரை வாசிக்கும்போது அது ஐந்திலொரு பங்காகிவிடும். இதனாலேயே, வழமையான வேலையமுக்கம் அளவுகோலின் நடுப்பகுதியில் அமையுமாறு மானியைத் தெரிவுசெய்ய வேண்டும் என்பர். ஐயம் தோன்றுமிடத்து, நம்பத்தகுந்த வேறொரு மானியை அதே இடத்திற் பொருத்தி ஒப்பிடுதல் எளிய வழியாகும். ஒரு சான்றை மற்றொரு சான்றால் வாய்ப்புப் பார்க்கும் இம்முறை, ஏட்டுப்பிரதிகளை ஒப்பிட்டுப் பாடம் தெளிபவர்களுக்குப் புதிதன்று.

3. சீராக்கிகளின் பழுதுகள்

அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுகள் பல வகைப்படும். அவற்றுள் இரண்டினைப் பிரித்தறிதல் இன்றியமையாதது. விடுவிப்பு வால்வு சாதாரணமாக மூடியிருக்கும். தனக்கு முன்னே உள்ள அமுக்கம் குறித்த எல்லையை அடைந்ததும் திறந்து, எண்ணெயைத் தாங்கிக்கு விடும். குறைப்பு வால்வு சாதாரணமாகத் திறந்திருக்கும். தனக்குப் பின்னே உள்ள அமுக்கம் குறித்த அளவை எட்டியதும் ஒடுங்கி, மேலும் ஏறாது காக்கும். முன்னது தொகுதி முழுவதற்கும் காவல்; பின்னது ஒரு கிளைக்கு மாத்திரம் அளவு வகுப்பது. எனவே இரண்டையும் 'ரெகுலேட்டர்' என்ற ஒரே பெயரால் வழங்குமிடத்துப் பிழையான திருகாணியைத் திருப்பும் இடர் நேரலாம்.

பெரிய தொகுதிகளில் விடுவிப்பு வால்வு இரு படிகளாக அமையும். முதன்மை அடைப்பான் ஒன்று. அதனை ஆளும் சிறிய வழிகாட்டு வால்வு மற்றொன்று. தொகுதியின் எண்ணெய் ஒரு நுண்துளை வழியே முதன்மை அடைப்பானின் பின்புறத்தை அடைந்து அதனை மூடி வைத்திருக்கும். அமுக்கம் எல்லையை எட்டும்போது வழிகாட்டு வால்வு திறந்து, பின்புற அமுக்கத்தைத் தணிக்க, முதன்மை அடைப்பான் எழும். நாம் வெளியே திருப்பும் திருகாணி வழிகாட்டு வால்வின் சுருள்வில்லை மாத்திரமே இறுக்குகிறது.

நண்பர்கள் கூறிய நிகழ்ச்சியின் விளக்கம் இதிலிருந்து தெளிவாகும். தேய்ந்த அடைப்பு வளையமொன்றின் துணுக்கு நுண்துளையை மூடியிருந்தமை பின்னர் கண்டறியப்பட்டது. பின்புறத்துக்கு எண்ணெய் செல்லாமையால் முதன்மை அடைப்பான் சிறிய அமுக்கத்திலேயே எழுந்து, எண்ணெய் முழுவதையும் தாங்கிக்கு விட்டது. அந்நிலையில் திருகாணியை எவ்வளவு இறுக்கினும் பயனில்லை. ஆயினும் இறுக்கம் மறைந்துவிடவில்லை, சுருள்வில்லிற் சேமிக்கப்பட்டிருந்தது. துணுக்கு பெயர்ந்த கணத்தில், வால்வு தனது பழைய எல்லையை அன்று, புதிதாக வகுக்கப்பட்ட பேரெல்லையைக் காக்கத் தொடங்கியது. காரணத்தை அறியாது அறிகுறியைத் திருத்தியவர், அறியாமலே ஆபத்தைத் திட்டமிட்டுவிட்டார்.

ஏனைய பழுதுகளும் இவ்வாறே காரணத்தொடர்பு கொண்டவை. வழிகாட்டு வால்வின் இருக்கையில் அழுக்கு நின்றால் அமுக்கம் குறையும். அல்லது நிலையின்றி ஏறியிறங்கும். முதன்மை அடைப்பான் மூடிய நிலையிற் சிக்குமாயின் அமுக்கம் எல்லையைக் கடக்கும். குறைப்பு வால்வின் வடிகுழாய் அடைபட்டால், அதன் பின்னேயுள்ள அமுக்கம் குறித்த அளவுக்கு மேல் உயரும். வடிகுழாயிலுள்ள எதிரமுக்கம் சுருள்வில்லின் விசையோடு சேர்ந்து கொள்வதே காரணம்.

4. பழுதறியும் ஒழுங்கு

மானி சுழியத்தைக் காட்டும்போது முதலிற் கேட்கவேண்டிய வினா, 'இப்போது அமுக்கம் இருக்க வேண்டுமா?' என்பதாகும். திசைமாற்று வால்வின் நடுநிலை எண்ணெயைத் தாங்கிக்குத் திருப்புவதாக இருந்தால், அந்நிலையிற் சுழியம் பழுதன்று, சரியான வாசிப்பாகும். அமுக்கம் இருக்க வேண்டிய நிலையாயின், கருவி எதனையும் கையிலெடுக்குமுன் புலன்களைப் பயன்படுத்த வேண்டும். தாங்கியில் எண்ணெய் மட்டம் போதுமா? எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் நீர் கலந்துள்ளது. நுரைத்திருப்பின் காற்று கலந்துள்ளது. பம்பியினுள் கூழாங்கற்கள் உருள்வது போன்ற ஒலி கேட்பின், உறிஞ்சல் வழி அடைபட்டுப் பம்பிக்குப் போதிய எண்ணெய் கிடைக்கவில்லை எனலாம். மின்னிணைப்பு அண்மையில் மாற்றப்பட்டிருப்பின் மோட்டர் எதிர்த்திசையிற் சுழலக்கூடும்.

அடுத்து வெப்பம். வேலை எதுவுஞ் செய்யாது அமுக்கத்தை இழக்கும் எண்ணெய் தன் சக்தியை வெப்பமாக்கும். நிமிடத்துக்கு 30 லீற்றர் எண்ணெய் 100 பாரில் விடுவிப்பு வால்வினூடு செல்லின், 5 கிலோவாற்று வலு வீணே வெப்பமாகும். தாங்கிக்குத் திரும்பும் குழாய்களுள் எது அளவுக்கு மிஞ்சிச் சூடாயிருக்கிறதோ, அதனை முதலில் ஐயுற வேண்டும்.

இதன்பின் தொகுதியைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதிக்கலாம். பொறியை நிறுத்தி, அமுக்கத்தை அகற்றி, விடுவிப்பு வால்வுக்கு அப்பாலுள்ள வழியை உரிய அடைப்பினால் மூடி, வால்வின் எல்லையைத் தாழ்த்தி வைத்துப் பம்பியை ஓட்டுக. எல்லையைப் படிப்படியாக உயர்த்தும்போது அமுக்கமும் உயருமாயின், பம்பியும் விடுவிப்பு வால்வும் அமுக்கத்தைத் தாங்குகின்றன. பழுதை அப்பாலே தேட வேண்டும். உயராதாயின் பழுது இவ்விரண்டிலொன்றில் உள்ளது. திருகாணியைத் திருப்பியும் முள் அசையாதாயின், அதனைப் பழைய நிலைக்கே மீட்டு, வால்வைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். மேலும் இறுக்குதல் ஆகாது.

இவ்வேலையில் மூன்று விலக்குகள் உள. ஒழுக்கைக் கையினால் தடவித் தேடலாகாது. ஊசித்துளையிலிருந்து பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்செல்லும். காயம் முள் குத்தியது போலச் சிறிதாகத் தோன்றினும், சில மணி நேரத்துள் அறுவைச் சிகிச்சை கிடையாதவிடத்து விரலையோ கையையோ இழக்க நேரிடும். ஒழுக்கைத் தேட மட்டை அட்டை போதும். இரண்டாவது, பம்பி நின்றதனால் அமுக்கம் நின்றது எனக் கருதலாகாது. நைதரசன் நிரப்பிய சேமிப்பான்கள் பம்பி நின்ற பின்னும் முழு அமுக்கத்தை வைத்திருக்கும். மூன்றாவது, உயர்ந்து நிற்கும் சுமையை முட்டுக்கொடுத்துத் தாங்காமல் எந்த இணைப்பையும் தளர்த்தலாகாது.

5. வாசிப்பும் அதிகாரமும்

மானியைத் தவறாக வாசித்தல் கல்வியில் குறைந்த தொழிலாளிக்கே உரிய குறையென எண்ணுதல் பொருந்தாது. நீரியல் எண்ணெய்த் தொகுதியன்றாயினும், அமுக்க விடுவிப்பு வால்வொன்றின் பழுதிலிருந்து விரிந்த நிகழ்ச்சியொன்று இதனை உணர்த்தும். 1979 மார்ச் 28 இல், ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மூன்று மைல் தீவு அணுமின் நிலையத்தில், அமுக்கத்தைத் தணிக்கத் திறந்த வால்வு மீண்டும் மூடாது நின்றுவிட்டது. கட்டுப்பாட்டு அறையிலிருந்த விளக்கோ அது மூடிவிட்டதாகவே தோற்றியது. அவ்விளக்கு வால்வின் உண்மை நிலையை அன்று, வால்வுக்கு அனுப்பப்பட்ட கட்டளையையே காட்டிற்று. வெளியேற்றுக் குழாயின் வெப்பநிலை உயர்ந்திருந்தமையும் தெரிந்தது. ஆயின், அவ்வால்வு முன்பே சிறிது ஒழுகிவந்தமையால் அவ்வாசிப்பு பொருட்படுத்தப்படவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்த்தும் நீர் வெளியேறியது. உலையின் கருப்பகுதி ஓரளவு உருகியது.

இயக்குநர்களைக் குற்றஞ்சாட்டிவிட்டு அமைதல் எளிது. ஆனால் 1977 செப்ரெம்பரில், ஒகையோ மாநிலத்து டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் இதையொத்த வால்வு இதேபோல் திறந்தபடி நின்றது. அங்கு பெறப்பட்ட பாடம் மூன்று மைல் தீவின் இயக்குநர்களைத் தெளிவான அறிவுறுத்தலாகச் சென்றடையவில்லை. 1979 ஒக்டோபரில் அறிக்கை சமர்ப்பித்த கெமனி ஆணைக்குழுவும் பயிற்சியின் போதாமையையும் கட்டுப்பாட்டு அறை அமைப்பின் குறைபாடுகளையும் சுட்டிக்காட்டியது. அறிவு இருந்தது, அது தேவைப்பட்டவர்களிடம் இருக்கவில்லை.

இங்கேயே எமது பிரச்சினையின் வேர் உள்ளது. கைத்தொழிலாளியிடம் ஒன்றாயிருந்த கையும் மூளையும் முதலாளித்துவ உற்பத்தியிற் பிரிக்கப்படுவதை மார்க்ஸ் விரிவாக ஆராய்ந்தார். திட்டமிடுதல் ஓரிடத்திலும் நிறைவேற்றுதல் மற்றோரிடத்திலும் ஒதுங்குவதை 1974 இல் வெளிவந்த தமது நூலில் ஹரி பிறேவர்மன் மேலும் விளக்கினார். 'அறிகுறி – செய்க' என்னும் இரு நிரல்களை மாத்திரம் கொண்ட பழுதறி அட்டவணை இப்பிரிவினையின் சிறிய, ஆனால் தெளிவான வடிவமாகும். அது தொழிலாளிக்குக் கட்டளையைத் தருகிறது, காரணத்தைத் தருவதில்லை. காரணம் தெரியாதவர், கட்டளை பயன் தராதபோது அதனையே மேலும் வலிமையாகச் செய்வதன்றி வேறென் செய்வார்? மேற்பார்வையாளர் திருகாணியை மேலும் இறுக்கியமை தனிமனிதத் தவறு மட்டுமன்று.

அதே வேளையில், மொழிபெயர்ப்பே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என நாம் கருதவில்லை. 'விடுவிப்பு வால்வைச் செப்பஞ் செய்க' என்ற வரியைப் பிழையறத் தமிழாக்கியிருந்தாலும் அந்தக் குழாய் வெடித்தே இருக்கும். எனவே நண்பர்களுக்கு நாம் கொடுத்த அட்டவணையில் மூன்றாவது நிரலொன்றைச் சேர்த்தோம். அதன் தலைப்பு 'ஏன்' என்பதாகும். அந்நிரலை நிரப்பியவர்கள் பெரும்பாலும் அவர்களே. எந்தக் குழாய் முதலிற் சூடாகும், எந்த ஒலி எதற்கு முன் வரும் என்பன கைந்நூலில் இல்லை, அவர்களிடம் இருந்தன. நாம் செய்ததெல்லாம் அவற்றை ஒழுங்குபடுத்தி, பட்டறையில் வழங்கும் 'கேஜ்', 'வால்வு' முதலிய சொற்களை நீக்காமல் எழுதியதே. அட்டவணையின் இறுதியில், காரணம் புலப்படாதவிடத்துப் பொறியை நிறுத்தும் உரிமை அதனை இயக்குபவருக்கு உண்டு என்னும் வரியைச் சேர்க்குமாறும் அவர்கள் கேட்டனர். அவ்வரியை எழுதுதல் எளிதாயிருந்தது; அதனை நிருவாகம் ஏற்குமாறு செய்தல் அவர்களது சங்கத்தின் பணியாக இன்னும் எஞ்சியுள்ளது.